மறுப்பு படிவத்திலேயே தொடங்குகிறது

‘முன்பே இருந்த நோயை மறைத்துள்ளீர்; கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இப்படியொரு கடிதம் வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கியபோது எழாத ஐயம், பணம் தர வேண்டிய நாளில் எழுகிறது.

இது சிலரது தலைவிதியன்று. 2023-24 நிதியாண்டில் மருத்துவக் காப்பீட்டில் கோரப்பட்ட தொகை சுமார் ரூ.1.17 லட்சம் கோடி, வழங்கப்பட்டது ரூ.83,493 கோடி. விதிகளைக் காட்டி அனுமதிக்கப்படாதது ரூ.15,100 கோடி, நிராகரிக்கப்பட்டது ரூ.10,937 கோடி. இவை ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குகளே. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அந்நிய மூலதன வரம்பு 26 விழுக்காட்டில் தொடங்கி 2015இல் 49, 2021இல் 74 என உயர்த்தப்பட்டது. நோய் இலாபச் சரக்கானால், தரப்படாத ஒவ்வொரு ரூபாயும் மூலதனத்தின் வரவே.

மறுப்பின் வேர் முன்மொழிவுப் படிவத்தில் இருக்கிறது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் குறித்த வினாக்களுக்கு முகவரே ‘இல்லை’ என நிரப்பிக் கையொப்பம் மட்டும் வாங்கிச் செல்வது வழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட எனக்கே ஆங்கிலப் பாலிசியின் விலக்குப் பிரிவுகளை இருமுறை படிக்க வேண்டியிருக்கிறது. ஆலைத் தொழிலாளி என்ன செய்வார்?

ஆகவே தோழர்கள் சிலவற்றை மனங்கொள்ள வேண்டும். படிவத்தை நாமே நிரப்புவோம், இருக்கும் நோயை எழுதுவோம், நகலை வைத்துக்கொள்வோம். பாலிசியின் சுருக்கத் தகவல் தாளைத் தாய்மொழியில் கேட்டுப் பெறலாம். பாலிசி ஐந்தாண்டுகள் தொடர்ந்து நடப்பிலிருந்தால், மோசடி நிறுவப்பட்டாலொழிய, ‘தகவலை மறைத்தீர்’ எனக் கூறிக் கோரிக்கையை மறுக்க இயலாது. எனவே புதுப்பிப்பைத் தவறவிடலாகாது. மறுப்புக்கான காரணத்தைப் பாலிசியின் பிரிவைச் சுட்டி எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனத்திடம் அளித்த முறையீட்டுக்கு முப்பது நாட்களில் தீர்வு இல்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இவை தற்காப்பு மட்டுமே. படிவம் கேட்காமல் பிணி தீர்க்கும் இடம் அரசு மருத்துவமனை ஒன்றே. அதற்குரிய நிதியைக் காப்பீட்டு நிறுவனங்களின் பெட்டிக்குத் திருப்பாதே என்பதே நமது அரசியல் கோரிக்கை. தொழிற்சங்கக் கிளைதோறும் படிவம் படித்துச் சொல்ல ஒரு தோழர் அமர்ந்தால், அக்கோரிக்கையைக் கேட்க மக்கள் நம்மைச் சூழ்வர்.