மேல ஒரு ரூம் போட்டா என்ன?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். கட்டிய வீட்டின் தலைமேல் இன்னொரு ரூம் கட்டிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. இன்றைக்குக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் மொட்டை மாடியில் ஷீட் ரூம்கள் கண்ணில் படும். கம்பெனி வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விட. இல்லையென்றால் புதுசாகக் கல்யாணம் ஆன அண்ணனுக்கு. மனை வாங்க வசதியில்லாதவனுக்கு ஆகாயம்தான் மிச்சமிருக்கும் மனை!

ரூம் போடுவதை நான் குறை சொல்லவில்லை நண்பர்களே. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு ஓடுகிறது. அப்பாவுக்கு லோடு ஏற்றி இறக்கும் வேலை. அம்மா சித்தாள். குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "சீட்டு எடுத்த பணம் இருக்கு. மேல ஒரு ரூம் போட்டா அக்கா கல்யாணக் கடனுக்கு வாடகை வருமில்ல?" என்கிறார் அப்பா. நியாயமான கேள்வி. கொத்தனார் வந்தார், மாடியில் காலால் ரெண்டு தட்டு தட்டினார், "தாங்கும்ணே" என்றார். அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் செங்கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேப்பரில் கணக்கு வேண்டும். அதைப் போட வேண்டியவர்கள் நாம் என்பதே என் கட்சி.

போட்டுப் பார்ப்போமா? 10க்கு 10 ரூம், 9 அடி உயரம், நாலரை அங்குலச் சுவர். கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 315 சதுர அடி சுவர். சேதாரம் சேர்த்து 1,500 செங்கல். கலவை, பூச்சோடு 8 டன்னுக்குக் கிட்ட வரும். மேலே 4 அங்குல கான்கிரீட் தளம் போட்டால் இன்னும் சுமார் 3 டன். ஆக 10 டன்னுக்கு மேல், குடியிருப்பவனையும் கட்டிலையும் சேர்க்காமல்!

ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 (1987) தரும் நடமாட்டச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. மேலே சொன்ன சுவரோ ஒரு மீட்டர் நீளத்துக்கே 700 கிலோ. அதைத் தளத்தின் நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சிவில் படிக்காத நண்பருக்கும் புரியும். கீழே சுவரோ பீமோ இருக்கும் கோட்டில்தான் மேல் சுவர் நிற்கணும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், மண் என்ன மண் என்றும் பார்க்கணும். பழைய வீட்டில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்தால் அந்த ஆசையையே விடணும். குளிர் நாடுகளில் சரிவுக் கூரைக்கு அடியிலுள்ள பரணை ரூமாக்குகிறார்கள். அங்கேயும் முதல் வேலை, ஆள் நடக்கத் தாங்காத அந்தப் பரண் சட்டங்களைப் பலப்படுத்துவதுதான்.

"அப்போ ஷீட் போடுப்பா, லேசுதானே?" லேசுதான். ஆனால் சித்திரை வெயிலில், நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் அதற்குக் கீழே பகலில் தூங்கணும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலை நம் மாவட்டம் மறக்குமா? ஷீட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டும் செலவுதான். கல்நார் ஷீட் என்றால், அதன் தூசு புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை அறுப்பவருக்கும் நுரையீரல் இருக்கிறது.

இனி பட்ஜெட். செங்கல், சிமென்ட், கம்பி, எம்.சாண்ட் வரை எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது எது? படிக்கட்டு. சாரம். வயரிங். தண்ணீர்க் குழாய். தட்டோடு பெயர்த்த இடத்தில் ஒழுகாமல் மறுபடி பூசுவது. முக்கியமாக, மாடிக்குப் பொருள் ஏற்றும் கூலி. அது என் அம்மா மாதிரிப் பெண்களின் தலையில் ஏறிப் போகும் கூலி. பல எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. கடைசியில், எதிர்பாராச் செலவுக்கு நான் 10 சதவீதம் வைப்பேன். அதற்கும் சேர்த்துப் பணம் கையில் இல்லையென்றால் ஆரம்பிக்கவே கூடாது. பாதியில் நின்ற சுவர் வாடகை தராது; வட்டி மட்டும் ஓடும். ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடும்படி தேதியும் குறிக்கணும்.

அனுமதிக்கு அலையணுமே என்பார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையான வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைன் அனுமதி 2024 ஜூலையில் வந்துவிட்டது. தரைத் தளமும் ஒரு மாடியும் அதில் அடங்கும்.

"இஞ்சினியருக்குக் கொடுக்கக் காசு ஏது?" இதுதான் உண்மையான தடை. இங்கேதான் நம் பேரவை வரணும். சான்று கொடுக்கும் தகுதி நமக்கு இல்லை. டேப் பிடிக்க, பிளான் வரைய, அளவுப் பட்டியல் போட நமக்குத் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு தெரு. நாம் போட்டதை நம் சார் திருத்தட்டும், பதிவு பெற்ற இஞ்சினியர் ஒருவர் பார்க்கட்டும். "வேண்டாம்" என்று முடிவு வந்தாலும் லாபமே. ஒரு குடும்பத்தின் சீட்டுப் பணம் மிஞ்சும்.

எஸ்டிமேட் பாடத்தில் மார்க் வாங்கிவிட்டோம். அந்தப் பாடத்தை நம்ம தெருவுக்கு எப்போது எடுத்துப் போகப் போகிறோம்? அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். கை தூக்குவீர்களா?