ரெண்டு காலும் இல்லாதவர் மலை ஏறக் கூடாதாம்!



2017 டிசம்பர் கடைசியில் நேபாள அமைச்சரவை மலையேற்ற விதிகளைத் திருத்தியது. இரண்டு கால்களையும் இழந்தவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் இனிமேல் எவரெஸ்ட் போன்ற சிகரங்களில் ஏற அனுமதி கிடையாது. துணையில்லாமல் தனியாக ஏறுபவர்களுக்கும் தடை. சொன்ன காரணம், மலையில் நடக்கும் சாவுகளைக் குறைக்கணும். "உங்க பாதுகாப்புக்காகத்தான்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? எனக்கு இருக்கு. என்னோட இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருவன் போலியோவால் ஒரு காலில் காலிபர் போட்டு நடப்பவன். மூன்றாம் வருஷம் ஐ.வி. போனப்போ "நீ வர வேணாம்ப்பா, ஃபேக்டரியில் படிக்கட்டெல்லாம் இருக்கும், உன் பாதுகாப்புக்காகத்தான் சொல்றோம்" என்று கல்லூரியில் அவன் பெயரை மட்டும் லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன்னால் முடியுமா என்று அவனிடம் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நாங்களும் பஸ் ஏறிப் போயிட்டோம். அது இன்னைக்கும் உறுத்துது.

நேபாளத்தில் அப்படி லிஸ்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹரி புதா மகர். மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர் வெடித்த ரோல்பா மாவட்டத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவர். 1999இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா படையில் சேர்ந்தார். 2010 ஏப்ரல் 17, ஆப்கானிஸ்தான். ரோந்து போகும்போது புதைத்து வைத்திருந்த வெடிகுண்டில் கால் வைத்தார். இரண்டு கால்களும் முட்டிக்கு மேலே போய்விட்டன.

அதுக்கப்புறம் நடந்ததை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். குடி. மன அழுத்தம். செத்துப்போயிடலாம் என்ற எண்ணம். உடம்பில் கால் இல்லாதவர்களை உலகம் எப்படிப் பார்க்கும் என்பதை ரோல்பாவில் சின்ன வயசிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர். பூமிக்கே பாரம், போன ஜென்மத்துப் பாவம் என்று பேசுகிற ஊர் அது. நம்ம ஊர் மட்டும் என்னவாம்?

அங்கிருந்துதான் அவர் விளையாட்டுப் பக்கம் வந்தார். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதித்தார், பனிச்சறுக்கு கற்றுக்கொண்டார், கயாக் படகு ஓட்டினார். அப்புறம் மலை. 2017இல் 6,476 மீட்டர் உயர மேரா சிகரத்தில் ஏறினார். முட்டிக்கு மேல் இரு கால்களையும் இழந்த ஒருவர் ஆறாயிரம் மீட்டரைத் தாண்டியது அதுவே முதல் முறை. 2018இல் எவரெஸ்ட் என்று திட்டம் போட்டிருந்த நேரத்தில்தான் அந்தத் தடை வந்து விழுந்தது.

"முட்டிக்கு மேல்" என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். இதைப் பெரும்பாலான செய்திகள் ஒரு வரியில் கடந்து போயிடுது. முட்டி இருந்தால் செயற்கைப் பாதத்தை வைத்துக்கொண்டு படி ஏறலாம், பள்ளத்தில் மடக்கி இறங்கலாம். முட்டியே இல்லையென்றால் மொத்த வேலையையும் இடுப்புதான் செய்யணும். நீளமான செயற்கைக் காலில் பொருத்துகிற செயற்கை முட்டி, சமதரையில் நடக்கத்தான் சரி. நாற்பத்தைந்து டிகிரி பனிச்சரிவில் அது எப்போ மடங்கும், எப்போ நிற்கும் என்று நம்ப முடியாது.

அதனால் ஏற்றத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது முட்டியே இல்லாத குட்டைக் கால்கள். அடியில் பனியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பற்கள். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு உடனே புரியும்: ஈர்ப்பு மையம் கீழே வந்துவிடும், கவிழ மாட்டார். ஆனால் அதுக்கு ஒரு விலை உண்டு. கால் குட்டை என்றால் எட்டும் குட்டை. மற்றவர்கள் ஒரு எட்டில் கடக்கிற தூரத்துக்கு இவர் பல எட்டு வைக்கணும். ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போடணும். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். போதாக்குறைக்கு, தொடையை இறுக்கிப் பிடிக்கும் சாக்கெட்டுக்குள் வேர்க்கும். வேர்வை குளிர்ந்தால் தோல் புண்ணாகும். ரத்த ஓட்டம் குறைந்தால் பனிக்கடி. மிச்சமிருக்கிற தொடையும் போய்விடும். இதெல்லாம் தெரிஞ்சுதான் அவர் பயிற்சி எடுத்தார், வருஷக்கணக்கில்.

தடை என்னாச்சு? நேபாளத்தின் மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பினரும் வழக்கறிஞர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் நேபாளமும் கையெழுத்துப் போட்ட நாடு. உடற்குறையை மட்டும் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது பாகுபாடு என்பதுதான் வாதம். 2018 மார்ச்சில் நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது.

அதன் முதல் பலன் ஹரிக்குப் போகவில்லை, சீனாவின் ஷியா போயூவுக்குப் போனது. 1975இல் எவரெஸ்ட்டில் பனிக்கடியால் பாதங்களை இழந்தவர் அவர். பிறகு புற்றுநோய் வந்து 1996இல் கால்களை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். 2016இல் சிகரத்துக்கு நூறு மீட்டர்கூட இல்லாத இடத்தில் புயல் வந்து திரும்பினார். 2018 மே 14 அன்று, 69 வயதில், ஏறி முடித்தார். தீர்ப்பு இரண்டு மாசம் தள்ளிப் போயிருந்தால் அந்த வருஷம் அந்த மனுஷனுக்குப் பெர்மிட்டே கிடைத்திருக்காது.

ஹரி கொரோனாவையும் தாண்டிக் காத்திருந்தார். 2023 ஏப்ரல் 17 அன்று ஏற்றத்தைத் தொடங்கினார். தேதியைக் கவனிச்சீங்களா? குண்டு வெடித்த அதே நாள், பதிமூன்று வருஷம் கழித்து. மே 19 பிற்பகலில் எவரெஸ்ட் உச்சியில் இருந்தார். முட்டிக்கு மேல் இரண்டு கால்களும் இல்லாத முதல் மனிதர்.

எதிர்க்கேள்வி ஒன்று நியாயமாகவே வரும். இவர் விழுந்தால் தூக்கப்போவது யார்? ஷெர்பாக்கள்தானே? ஆமா, இதை மழுப்ப வேண்டியதில்லை. எவரெஸ்ட்டில் கயிறு கட்டுவது, ஏணி போடுவது, ஆக்சிஜன் சுமப்பது எல்லாம் அவர்கள். மெதுவாக ஏறும் ஒருவரோடு போனால் அவர்களும் ஆபத்தான உயரத்தில் அதிக நேரம் நிற்கணும். ஆனால் அந்தக் கவலை உண்மையாக இருந்திருந்தால் விதி வேற மாதிரி எழுதப்பட்டிருக்கும். முன் அனுபவம் என்ன, எந்தச் சிகரம் ஏறியிருக்கீங்க, கூட எத்தனை பேர் என்று எல்லோரிடமும் கேட்டிருக்கும். அதைச் செய்யவில்லை. ஹரி ஏறிய அதே 2023 பருவத்தில் நேபாள அரசு 478 வெளிநாட்டவருக்கு எவரெஸ்ட் பெர்மிட் கொடுத்தது. அப்போ ஒரு பெர்மிட் 11,000 டாலராக இருந்தது. அந்தப் பருவத்தில் பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். பணம் கட்டினால் பனிக்கோடரி பிடிக்கத் தெரியாதவருக்கும் வழி உண்டு, ஆறாயிரம் மீட்டர் ஏறிக் காட்டியவருக்குக் கதவடைப்பு. இதுக்குப் பேரு பாதுகாப்பா?

இப்போ நிதிக்கு வருவோம். ஹரி இந்த ஏற்றத்தை வைத்துத் திரட்ட நினைத்த தொகை 8,84,900 பவுண்ட். எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர், கூட ரெண்டு சைபர். காயம்பட்ட, உறுப்பிழந்த முன்னாள் வீரர்களுக்கு உதவும் ஐந்து அறக்கட்டளைகளுக்கான பணம். அதில் ஒன்று கூர்க்கா நல அறக்கட்டளை.

அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொரு கேள்வி வரணும். ஒரு பேரரசுக்காகச் சண்டை போட்டவர்களுக்கு ஏன் உண்டியல் குலுக்கணும்?

1815இலிருந்து பிரிட்டன் கூர்க்காக்களைப் படையில் சேர்க்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் சேர்த்து சுமார் 2 லட்சம் பேர் போனார்கள். இந்தியா விடுதலையானபோது, 1947இல், பிரிட்டன், இந்தியா, நேபாளம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன் வழியில் பிரிட்டிஷ் கூர்க்காக்களின் ஓய்வூதியம் இந்திய ராணுவ விகிதத்தோடு கட்டப்பட்டது. ஒரே போர்க்களம், ஒரே துப்பாக்கி. பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரு பென்ஷன், இவருக்கு அதில் ஒரு சிறு பங்கு. பதினைந்து வருஷம் முடிவதற்குள் ஆட்குறைப்பில் அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. அவர்களுக்காக 1969இல் தொடங்கியதுதான் அந்த அறக்கட்டளை. பின்னால் விதிகள் மாறின. ஆனாலும் 1997 ஜூலை 1க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் பழைய கணக்கிலேயே விடப்பட்டார்கள். 2021 ஆகஸ்ட்டில் வயசான கூர்க்கா வீரர்கள் லண்டன் டவுனிங் தெரு எதிரே உண்ணாவிரதம் உட்கார்ந்தது இதுக்காகத்தான்.

ஹரி 1999இல் சேர்ந்தவர், இந்த வஞ்சனை அவர் தலையில் நேரடியாக விழவில்லை. ஆனால் அவர் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு போவது அந்தத் தாத்தாக்களுக்கு. தர வேண்டியவர்கள் தந்திருந்தால் அந்தப் பங்குக்கு வேலையே இருந்திருக்காது. கால் இல்லாத ஒருவர் மலை ஏறிப் பணம் திரட்டும்போது எல்லோரும் கை தட்டுகிறோம், நானும் தட்டினேன். அந்தச் சத்தத்தில் பென்ஷன் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்ற கேள்வி அமுங்கிப் போயிடக் கூடாது.

2023 மே மாசம் இந்தச் செய்தியை என் அந்த நண்பனுக்கு அனுப்பினேன். "சூப்பர்டா, செம்ம இன்ஸ்பிரேஷன்" என்று பதில் வரும்னு நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது.

"மலை ஏறினது சரிடா, கேஸ் போட்டது யாரு?"