மருந்தோடு கடமை முடிந்ததா?

கை முறிந்தவனுக்குப் பத்துப்போட்டுக் கட்டுகிறோம். கட்டவிழ்த்த மறுநாளே மண்வெட்டி பிடிக்கவில்லையென்று அவனை எவரும் ஏசுவதில்லை. சித்தம் கலங்கி, மருந்தினால் தெளிந்து வீடு திரும்புகிறவனுக்கு மட்டும் இந்த நியாயம் மறுக்கப்படுகிறது. "வருத்தம் மாறிவிட்டதே, இனி ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று வீடும் ஊரும் அவனைக் கேட்கின்றன. இக்கேள்வி அறியாமையிற் பிறந்து அநீதியில் முடிகிறது.

1952-ம் ஆண்டு பாரிஸ் நகர வைத்தியர்கள் குளோர்ப்புரோமசின் மருந்தைக் கையாளத் தொடங்கியது முதல், மனச்சிதைவு நோயில் எழும் பொய்க்குரல்களையும் வீண் சந்தேகங்களையும் அடக்க வழி பிறந்தது. ஆயின், கவனம், ஞாபகம், திட்டமிடுதல் ஆகியவற்றில் இந்நோய் விளைக்கும் குறையை மருந்து பெரிதும் நீக்குவதில்லை. வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறுகிறவன், எந்தப் பாத்தி நிறைந்தது, அடுத்தது எது என்று தெரியாது திகைத்து நிற்கிறான். கந்தோரில் எழுதுவினைஞராயிருந்தவர் ஒரு கடிதத்தை மூன்று தரம் வாசித்தும் பொருள் பிடிபடாது தவிக்கிறார். இது சோம்பலன்று, நோயின் எச்சம்.

இவ்வெச்சத்துக்கும் பரிகாரம் உண்டு. அதுவே அறிவாற்றற் பயிற்சி. பயிற்றுநர் ஒருவர் நோயாளியின் பக்கத்திலிருந்து, இலகுவான பணியிலே தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதற்குச் செல்கிறார். வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளல், வேண்டியதைக் குறித்துவைத்தல் முதலிய உபாயங்களைப் பழக்குகிறார். 130 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 8,851 பேரையும் சீர்தூக்கி 2021-ல் வெளியான மதிப்பீடு, இப்பயிற்சியால் அறிவாற்றலும் அன்றாட வாழ்வும் ஓரளவு சீர்படுகின்றன எனக் காட்டியது. அற்புதம் எதுவும் நிகழ்வதில்லை, பயன் மிதமானதே. ஆனால் பயிற்றுநர் உடனிருந்து, உபாயங்களைக் கற்பித்து, தொழில் முதலிய புனர்வாழ்வுப் பணிகளோடு இணைக்குமிடத்துப் பயன் பெருகுகிறது. கணினியொன்றை வாங்கி வைத்தியசாலை மூலையில் வைத்துவிட்டாற் போதாது என்பதே இதன் பொருள்.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது? 1873-ல் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டத்தின் கவலையெல்லாம், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து நோயாளியைக் காவலில் வைப்பது பற்றியதே. இலங்கை 2016-ல் ஏற்று உறுதிசெய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயமோ வேறு நெறி காட்டுகிறது. புனர்வாழ்வுச் சேவை இயன்றளவு ஆரம்பத்திலேயே தொடங்கவேண்டும், கிராமப்புறம் உட்பட அவரவர் வாழும் இடத்துக்கு அண்மையிலே கிடைக்கவேண்டும் என்று அதன் 26-ம் உறுப்புரை விதிக்கிறது. ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று, உரிமை.

மாவட்டந்தோறும் உளநலப் பிரிவில் இப்பயிற்சியை அறிந்தவர் பணியாற்றவேண்டும். பயிற்சி நோயாளியின் தாய்மொழியில் அமையவேண்டும். அறியாத மொழிச் சொற்களைக் கொடுத்து ஞாபகத்தைச் சோதித்தால், சோதிக்கப்படுவது ஞாபகமன்று, மொழியறிவே!

அரசு செய்யட்டுமென்று நாமும் வாளாவிருத்தல் தகாது. தோட்டமுடையோர் அரைநாள் வேலை கொடுக்கலாம். கடையும் கந்தோரும் நடத்துவோர், ஒரு நேரத்தில் ஒரு பணியென எழுதிக் கொடுத்து ஏவலாம். பெற்றோர் 'சோம்பேறி' என்னும் சொல்லை இன்றே கைவிடலாம். மருந்து நோயை அடக்கும். மனிதனை மீண்டும் வாழ்வில் நிறுத்துவது நம் அனைவரதும் கடமை.