தானோஸின் ஹெலிகாப்டரும் நகைப்போரும்

அமெரிக்காவில் மார்வெல் கம்பெனியார், தொலைக்காட்சி வழியே பாலருக்கு வாசிக்கக் கற்பித்தோருடன் கூடி, ஸ்பைடர்மேனை நாயகனாக்கி 'ஸ்பைடி சூப்பர் ஸ்டோரீஸ்' என்னும் எளிய சித்திரக்கதை இதழ்களை 1974 முதல் 1982 வரை வெளியிட்டனர். மொத்தம் 57. அவற்றுள் 1979இல் வந்த 39ஆம் இதழில், அண்டங்களை நடுங்கவைக்கும் தானோஸ் தன் பெயர் தீட்டிய மஞ்சள் ஹெலிகாப்டரில் வருகிறான். முடிவில் போலீசார் அவனை விலங்கிட்டுக் கொண்டுபோகின்றனர். இதைப் பார்த்துப் பெரியவர்கள் கைகொட்டி நகைக்கின்றனர்! யாருக்கு எழுதியதை யார் அளப்பது? ஹெலிகாப்டரில் பெயர் எதற்கென்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு, ஐயா! (புராண விமானங்களுக்குக் கைகூப்புவோரும் இங்கே மட்டும் பகுத்தறிவு பேசுவது வேடிக்கையே.) தீயவனின் தலையைக் கொய்யாமல் சட்டத்தின் கையில் ஒப்படைக்கும் கதையைப் பாலர்க்கு அளித்ததில் என்ன குற்றம் கண்டனர் என்று நாம் கேட்கிறோம்.