பூகம்பத்துக்கு நாள் குறிக்க யாராலும் முடியாது!

"இன்னிக்கு ராத்திரி பூகம்பம் வருதாம்!" யாராவது கொளுத்திப் போட்டால் போதும், தெருவே பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. சொன்னது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பூகம்பம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் முடியாது. சொல்பவன் புளுகன்!

ஆனால் சுனாமி சங்கதி வேறு. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே பூமி குலுங்கியது. சென்னையிலும் கட்டில் ஆடியது. மெரினாவில் அலை புகுந்ததோ 9 மணி வாக்கில். நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் கடற்கரை ஜனங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. பூகம்ப விவரம் சொல்ல டெல்லியில் தேசிய நில அதிர்வு மையம் இருக்கிறது. நம்ப வேண்டியது இவற்றைத்தான்.

வீடு ஆடினால் லிப்டுக்கு ஓடாதீர்கள். மேஜைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றதும் படி வழியாக இறங்குங்கள். ஆடும் பீரோவை இன்றைக்கே சுவரோடு இறுக்குங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எச்சரிக்கை வந்தால் மைக் கட்டியாவது, தண்டோரா போட்டாவது குப்பம் குப்பமாகச் சொல்ல வேண்டும். ஐதராபாத்துக்குத் தெரிந்தது பட்டினப்பாக்கத்துக்கும் தெரிந்தால்தான் உயிர் பிழைக்கும்!