வேகத்துக்கு எஜமான் யார்?

கோயமுத்தூருக்கும் சேலத்துக்கும் இடையே ஓடும் தேசீய நெடுஞ்சாலையும், திருப்பூரிலிருந்து வடக்கே கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று சந்திக்கும் ஊர் பெருமாநல்லூர். காலை எட்டரை மணி ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிய பனியன் கம்பெனி வேன்கள் திருப்பூரை நோக்கிப் பறக்கின்றன. நூல் மூட்டை ஏற்றிய லாரிகள் எதிரே வருகின்றன. அதே வேளையில்தான் குழந்தைகள் புஸ்தகப் பையைச் சுமந்துகொண்டு சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது.

"ஊருக்குள்ளே இவ்வளவு வேகம் என்னத்திற்கு? பஞ்சாயத்தார் ஒரு பலகை நட்டு வைத்தால் என்ன?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பஞ்சாயத்தார் பலகை நடலாமே தவிர, அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பு இராது. ஊர் நம்முடையது, ஊர் நடுவே ஓடும் வேகம் நம்முடையதல்ல என்பதே இன்றைய நிலைமை.

சட்டம் சொல்வது இது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்படி, ஒரு சாலைக்கோ பாலத்துக்கோ வேக வரம்பு விதிக்கும் அதிகாரம் மாகாண ஸர்க்காருக்கும், அது அதிகாரம் அளித்த உத்தியோகஸ்தருக்கும் உரியது. பொதுஜனங்களின் பாதுகாப்போ வசதியோ, சாலையின் தன்மையோ அதற்குக் காரணமாயிருக்க வேண்டும். கெஜட்டில் அறிவிப்பு வெளிவர வேண்டும். சாலையோரத்தில் முறைப்படி பலகையும் நட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தாற்காலிக வரம்புக்கு மட்டும் கெஜட் அறிவிப்பு தேவையில்லை. பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் குண்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடும் நாட்களில் இந்தச் சலுகை எவ்வளவு பிரயோஜனப்படும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த அதிகாரம் தூரத்தில் இருப்பதால் ஊரார் என்ன செய்கிறார்கள்? ஒரு விபத்து நேர்ந்துவிட்டால், மறுநாளே கல்லையும் தாரையும் கொட்டித் தாங்களாகவே வேகத்தடை ஒன்று எழுப்பி விடுகிறார்கள். அதற்கு வெள்ளைக் கோடும் கிடையாது, முன்னறிவிப்புப் பலகையும் கிடையாது. இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அதிலே இடறி விழுகிறான். பிறகு நெடுஞ்சாலைத் துறையார் வந்து அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஊரார் செய்தது தப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கேட்பதற்குரிய வாசல் எது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

வாசலைக் காட்டுவதற்கு முன் ஒரு சிறு கணக்கு. உபாத்தியாயர் கூட்டத்தைச் சேர்ந்த நாம் கணக்கில்லாமல் விஷயத்தை விடுவதற்கில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். 15 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலையில் குதிக்கிறது. டிரைவர் அதைக் கண்டு பிரேக்கின்மேல் கால் வைப்பதற்கு ஒரு விநாடி என்று வைத்துக் கொள்வோம். அந்த ஒரு விநாடிக்குள் வண்டி குழந்தையைக் கடந்து போயிருக்கும். பிரேக் பிடிக்கவே இல்லை. இதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். ஆக 13 மீட்டர். குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். வேகம் பாதியானால் அபாயமும் பாதியாகும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டும். மனிதர்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மகாநாடு பிரகடனம் செய்ததும் இத்தகைய காரணங்களால்தான்.

வரம்பை எப்படி நிர்ணயிப்பது என்பதில் எஞ்ஜினீயர்கள் பல தேசங்களில் கையாளும் முறை ஒன்று உண்டு. சாலையில் தடையின்றி ஓடும் வண்டிகளின் வேகத்தை அளக்கிறார்கள். நூற்றுக்கு 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றனவோ, அதையொட்டி வரம்பு வைக்கிறார்கள். ஜனசஞ்சாரமில்லாத நெடுஞ்சாலைக்கு இது பொருந்தலாம். ஊர் நடுவே இது பொருந்தாது என்பது நமது அபிப்பிராயம். ஏனென்றால், இது ஓட்டுகிறவனைக் கேட்டு வைக்கும் வரம்பு. சாலையைத் தாண்டுகிற கிழவியை யாரும் கேட்கவில்லை.

மேலேயிருந்து திடீரென்று விதித்தாலும் காரியம் நடப்பதில்லை. 2023 ஜூன் மாதத்தில் சென்னைப் போலீஸார் பகல் வேளையில் எல்லா வண்டிகளுக்கும் 40 என்று அறிவித்தபோது, பட்டணம் முழுவதும் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு குழு அமைத்து ஆராய்ந்து, நவம்பர் 4-ஆம் தேதி முதல் புது வரம்பு வந்தது. கார்களுக்கு 60, லாரி, பஸ்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40. ஆனால் குடியிருப்புப் பகுதிகளில் எல்லாவற்றுக்கும் 30. பெரிய சாலையில் விட்டுக்கொடுத்துச் சின்னத் தெருவில் இறுக்கிப் பிடித்தது புத்திசாலித்தனமான ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம். மத்திய ஸர்க்காரின் எண்களும் மாறாத வேதமல்ல. உச்ச வேகங்களை உயர்த்தி 2018 ஏப்ரலில் அது வெளியிட்ட அறிவிப்பை 2021-ல் சென்னை ஹைகோர்ட் ரத்துச் செய்து தீர்ப்பளித்தது.

நம்மை நெடுங்காலம் ஆண்ட பிரிட்டிஷார் தங்கள் தேசத்தில் பட்ட பாடு இதைவிட ரஸமானது. 1865-ல் அங்கே யந்திர வண்டிக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல்தான் வேகம்; முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும்! 1930-ல் கார்களுக்கு வரம்பே வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள். சாவு அதிகமாகவே 1935-ல் ஊர்ப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு மறுபடியும் வந்தது. அந்நாட்டில் இன்று ஒரு தெருவின் வரம்பை மாற்ற வேண்டுமானால் ஸ்தல ஸ்தாபனமே உத்தரவு போடுகிறது. முன்கூட்டி விளம்பரம் செய்து, ஜனங்களின் ஆக்ஷேபணையைக் கேட்ட பிறகுதான் போட முடியும். வேல்ஸ் பிரதேசத்தில் 2023 செப்டம்பரில் ஊர்த் தெருக்களுக்குப் பொதுவாக 20 மைல் என்று மாற்றினார்கள். அதை எதிர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். சட்டத்தை ரத்துச் செய்யவில்லை. எந்தத் தெருவுக்குப் பழைய 30 மைலே போதும் என்று பரிசீலிக்கும்படி 2024-ல் ஸ்தல ஸ்தாபனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். வரம்பு வைத்தவர்களே திரும்பிப் பார்க்கவும் கடமைப்பட்டவர்கள் என்பதைத்தான் அங்கே நாம் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலோ ஒரு முறை நட்ட பலகை துருப்பிடித்து விழும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, நமக்கு வாசல் எது? கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து, வருஷத்துக்கு ஆறு முறை அது கூடுகிறது. வாக்காளர் எவரும் அதில் எழுந்து பேசலாம். வேக வரம்பை விதிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. கேட்கும் உரிமை உண்டு. ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி ஒன்று இருக்கிறது. போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை இலாகாக்களின் அதிகாரிகள் அதில் உட்காருகிறார்கள். பெருமாநல்லூர் வட்டாரத்து ஊராட்சிகளின் தீர்மானம் போய்ச் சேர வேண்டிய இடம் திருப்பூரில் உள்ள அந்தக் கமிட்டிதான்.

தீர்மானத்தில் "வேகத்தைக் குறைக்க ஆவன செய்க" என்று மொட்டையாக எழுதினால் அது பைலுக்குள் போய்த் தூங்கும். எந்தச் சாலை, எந்தக் கட்டிடத்திலிருந்து எந்தக் கட்டிடம் வரை, எத்தனை கிலோமீட்டர் வரம்பு வேண்டும், எந்த வேளையில் எத்தனை குழந்தைகள் தாண்டுகிறார்கள், எந்தெந்தத் தேதிகளில் விபத்து நேர்ந்தது என்றெல்லாம் குறிப்பிட வேண்டும். காலை எட்டு முதல் ஒன்பது வரை ஓரத்தில் நின்று எண்ணும் வேலையை நமது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் மேற்பார்வையில் உற்சாகமாகச் செய்வார்கள். வரம்பு வந்த ஆறாவது மாதத்தில் மறுபடியும் எண்ணிப் பார்ப்பதாகவும் அதே தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். நகல் ஒன்றை நெடுஞ்சாலைத் துறையாருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.