தர்ஜினியின் படத்தைப் பகிர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி

 

பதிவு நீளம். பாதியில விட்டுட்டுக் கீழ கருத்துப் போட வேணாம். முழுசா வாசிச்சிட்டு ஏசுங்க, வாங்கிக்கிறேன்.

போன வாரம் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்கள் இரண்டில் தர்ஜினி சிவலிங்கத்தின் பழைய படம் ஒன்று சுற்றியது. வளையத்துக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி நிற்கிறார், எதிரணிப் பிள்ளைகள் அவருடைய தோளுக்கும் எட்டவில்லை. கீழே "எங்கள் தமிழச்சி", "தலை நிமிர வைத்த தங்கை", "மாஷா அல்லாஹ், நாட்டின் பெருமை" என்று நூற்றுக்கு மேல் கருத்துகள். நானும் ஒரு இதயம் போட்டேன்.

அதே வாரம், அந்தக் குழுக்களில் இருக்கும் இரண்டு வீடுகளிலிருந்து என்னுடைய வலைப்பந்தாட்ட அணியின் இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். படத்துக்கு இதயம் போட்ட அதே கைகள்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் தர்ஜினி யார் என்று சரியாகத் தெரிந்துகொள்வோம். யாழ்ப்பாணத்தில் 1979இல் பிறந்தவர். உயரம் 2.08 மீற்றர், பழைய கணக்கில் ஆறடி பத்து அங்குலம். சின்ன வயதில் இந்த உயரத்துக்காகக் கேலிக்கு ஆளானதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யுத்தம் முடிந்த அதே 2009இல் இலங்கை அணி ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது கோல் போடும் இடத்தில் நின்றவர் இந்த யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளை. சுற்றி நின்றவர்களில் பெரும்பாலானோர் சிங்களப் பிள்ளைகள். பந்தைத் தூக்கிப் போட்டார்கள், இவர் பிடித்து வளையத்துக்குள் போட்டார். அந்த வருடம் இந்த நாட்டில் ஒருவரை ஒருவர் நம்பிச் செய்த காரியங்கள் எத்தனை இருந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு அவுஸ்திரேலியா போனார். மெல்பேர்னில் விக்டோரியா மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் பெல்கன்ஸ் அணிக்கு ஆடினார். வெளிநாட்டுக் கழகம் ஒன்றுக்கு ஆடப்போன முதல் இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை என்றுதான் அவரைச் சொல்வார்கள். 2018இல் சிங்கப்பூரில் மறுபடி ஆசியக் கிண்ணம். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் சிங்கப்பூரை 88க்கு 50 என்று இலங்கை வென்றது. அந்த 88இல் 76 கோல் இவருடையது. இலங்கை அணி அந்தப் போட்டித் தொடரில் 16 அணிகளில் 15ஆவது. ஆனால் மொத்தத் தொடரிலும் அதிக கோல் போட்டவர், 15ஆவதாக வந்த அணியின் 40 வயதுப் பெண். 43 வயதில் 2022 ஆசியக் கிண்ணம். 44 வயதில் கேப்டவுன் உலகக் கிண்ணம். நம்ம பக்கத்தில் 44 வயதில் ஒரு பெண் பஸ்ஸுக்கு ஓடினாலே "இந்த வயசுல என்ன ஓட்டம்" என்று கேட்போம்.

இவரைப் பற்றிப் பெருமைப்பட நமக்கு உரிமை இருக்கிறதா? இதுதான் என் கேள்வி. இவர் நம்ம பதுளையில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்?

எனக்குத் தெரியும் என்ன ஆகியிருப்பார் என்று. ஏனென்றால் அப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாள்.

தரம் 9. தோட்டத்துப் பிள்ளை. வகுப்பில் ஆண் பிள்ளைகளையும் சேர்த்து அவள்தான் உயரம். கூட்டத்தில் நிற்கும்போது முதுகை வளைத்துக்கொண்டு நிற்பாள், மற்றவர்கள் அளவுக்குத் தெரிய வேண்டும் என்று. பந்து கைக்கு வந்தால் மட்டும் நிமிர்வாள். அவளுடைய அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு நேராகப் பாடசாலைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "டீச்சர், இவ ஏற்கெனவே பனை மாதிரி வளந்து நிக்கிறா. இன்னும் எகிறிக் குதிச்சா எவன் கட்டிக்குவான்?"

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்கு 2021 வரைக்கும் காத்திருந்த சனம் அது. மகளைப் பற்றிய பயம் அவருக்கு வேறு யாரையும் விட அதிகம். நான் குறை சொல்வது, அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற நம்மை. "ஒட்டகம்", "லைட் போஸ்ட்" என்று பாடசாலை வாசலில் கூப்பிடும் பெடியன்களையும், அதைக் கேட்டுச் சிரிக்கிற பெரியவர்களையும். தர்ஜினியை யாழ்ப்பாணத்தில் கேலி செய்தவர்களும் இன்றைக்கு அவருடைய படத்தைப் பகிர்ந்திருப்பார்கள். அவ்வளவு மலிவான பெருமை இது.

இரண்டாவது பிள்ளை நம்ம ஜமாஅத்துப் பிள்ளை. நடுவில் நின்று ஆட்டத்தையே நடத்துகிறவள். அவளுடைய வாப்பா மரியாதையான மனுசன், என்னிடம் குரல் உயர்த்தவும் இல்லை. "டீச்சர், நீங்களும் நம்ம புள்ளதான். ஆனா மார்க்கம்னு ஒண்ணு இருக்கே" என்றார். அதற்கு மேல் பேசவிடவில்லை. அதனால் இங்கே பேசுகிறேன் நானா, கோபிக்க வேண்டாம்.

பில்கிஸ் அப்துல் காதிர் என்று ஒரு பிள்ளை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்ட் ஊர். கூடைப்பந்தாட்டம் பிறந்ததே அந்த ஊரில்தான், 1891இல். பில்கிஸ் ஆடியது கார்ட் இடத்தில். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மொத்த அணியையும் ஆட்டி வைக்கிற இடம். பாடசாலைக் காலத்தில் 3,070 புள்ளிகள். அந்த மாநிலத்தின் பாடசாலை வரலாற்றில் மூவாயிரத்தைத் தாண்டிய முதல் ஆள் அவர். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தலையில் ஹிஜாப். அப்படியே பல்கலைக்கழகம் போய், அங்கேயும் முதல் நிலைப் போட்டிகளில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் என்று பெயர் எடுத்தார்.

2014இல் படிப்பு முடிந்தது. ஐரோப்பாவுக்குத் தொழில்முறையாக ஆடப்போக இருந்தார். அப்போதுதான் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் சட்டம் குறுக்கே வந்தது: தலையை மூடும் துணியோடு ஆட முடியாது. பாதுகாப்புக் காரணமாம். அதே வருடம் இன்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் அணியிடமும் ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் கழற்றவில்லை, ஆடாமல் வெளியேறினார்கள். பில்கிஸும் கழற்றவில்லை. அவருடைய தொழில் வாழ்க்கை தொடங்காமலே நின்றது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. அவரும் அவரைப் போன்றவர்களும் எழுதினார்கள், பேசினார்கள், கையெழுத்து சேர்த்தார்கள். 2017 மே மாதம் சட்டத்தை மாற்றினார்கள், ஒக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பில்கிஸுக்கு அது பிந்திவிட்டது. பின்னால் வருகிற பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். ஹிஜாபைக் கழற்றாமல் ஆடுவதற்காக ஒரு பெண் தன் வாழ்க்கையையே இழந்து ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் பூட்டியவர்கள் அந்நியர்கள். இந்தப் பக்கம் பூட்டுவது யார்? நாம்தானே?

நான் என்ன உடையில் பிள்ளைகளை ஆடவிடுகிறேன் என்று வந்து பாருங்கள். முழுக்கை, நீளக் காற்சட்டை, ஹிஜாப். பயிற்றுவிப்பது நான், ஒரு பெண். ஆடுகிறவர்கள் பெண் பிள்ளைகள். இன்டர்வெல்லில் வேலியில் வந்து நிற்கிற பெடியன்களைத் துரத்துவதும் நான்தான். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸில் இருக்கிறது என்பது நம்ம மதரசாப் பிள்ளைகளுக்கே தெரியும். மார்க்கத்தின் வரம்புகளை நான் மறுக்கவில்லை. அந்த வரம்புக்குள் ஒரு மைதானம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். வரம்பைக் காட்டி மைதானத்தையே மூடாதீர்கள்.

அடுத்த வாதம், "படிப்பு கெடும்." இதைச் சொல்பவர்களில் ஆசிரியர்களும் உண்டு, எனக்குத் தெரிந்த பாடசாலைகளும் உண்டு. உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுப்பது நம்ம பக்கத்தில் சாதாரணம். ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் கொடுத்திருக்கிறேன். தவணைப் பரீட்சை நெருங்கும்போது "சரி, எடுத்துக்கொள்ளுங்கள் சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தேநீர் குடித்திருக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு பாடம் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் பண்ணியவள் நான். அது என் தவறு.

ஆனால் கணக்குப் பார்ப்போம். பறித்த பாடவேளைகளால் கணிதப் பெறுபேறு ஏறியதா? ஏறியிருந்தால் பின்னேரமும் சனிக்கிழமையும் டியூஷனுக்கு ஏன் பிள்ளைகள் ஓடுகிறார்கள்? டியூஷன் முடிந்து பிள்ளை இருட்டில் வீடு வருவதற்குப் பயப்படாத நாம், நாலரை மணிக்கு முடிகிற பயிற்சிக்கு மட்டும் ஏன் பயப்படுகிறோம்? தேசிய மட்டத்தில் திறமை காட்டி உயர்தரமும் சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட இடங்கள் இருக்கின்றன. நம்ம பக்கத்தில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? கொழும்பிலும் கண்டியிலும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் "எங்களுக்கு இடம் இல்லை" என்று புலம்புகிறோம்.

"தோட்டத்துல இடம் எங்க டீச்சர்?" என்று கேட்பவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, மட்டமான ஒரு துண்டு நிலத்துக்கும் யாரிடமாவது கேட்டுத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. மீரியபெத்தையை நான் மறக்கவில்லை. மட்டமான பாதுகாப்பான இடம் கிடைத்தால் முதலில் வீடு கட்டுங்கள், அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் வலைப்பந்தாட்டத்துக்கு வேண்டியது 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம், 3.05 மீற்றர் உயரத்தில் இரண்டு வளையம், ஒரு பந்து. கிரிக்கெட்டுக்கு வேண்டிய இடத்தில் ஒரு மூலை. நம்ம பாடசாலை முற்றத்தில் அந்த மூலை இருக்கிறது. அதில் இப்போது வேன்கள் நிற்கின்றன. ஆண் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு வேன் ஒதுங்குகிறது. பெண் பிள்ளைகளின் பந்துக்கு மட்டும் ஒதுங்குவதில்லை.

நான் யாருக்கும் கனவு விற்கவில்லை. உங்கள் மகள் மெல்பேர்ன் போவாள் என்று சொல்லமாட்டேன். தர்ஜினி போன்ற ஒருவர் எத்தனையோ வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். நான் கேட்பது சின்ன விசயம். முதுகை வளைத்து நிற்கிற பிள்ளை நிமிர்ந்து நிற்கட்டும். நம்ம பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் சமமாக நின்று ஆடட்டும். தோற்றால் தோற்றுப் பார்க்கட்டும். பதினாலு வயதில் தோற்றுப் பழகாத பிள்ளை, பதினாறு வயதில் ஓ.எல். பெறுபேறு வரும்போது உடைந்து போகிறாள். அதை வருடா வருடம் பார்க்கிறவள் நான்.

அமைச்சர் வந்தால் மாலை போட பெண் பிள்ளைகள் வேண்டும். பரிசளிப்பு விழாவில் ஆட பெண் பிள்ளைகள் வேண்டும். வெயிலில் இரண்டு மணி நேரம் கொடி பிடித்து நிற்க வேண்டும். அப்போது எந்த வாப்பாவும் எந்த அப்பாவும் எதிர்ப்புச் சொல்லி வந்ததை நான் பார்க்கவில்லை. மற்றவர்களுக்காக அவர்கள் நின்றால் சரி, தங்களுக்காக ஓடினால்தான் பிழை.

வலயமட்டப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஒரு அணிக்கு ஏழு பேர். இந்த இரண்டு பிள்ளைகளும் போன பிறகு என்னிடம் இருப்பது ஐந்து. படிவத்தில் ஆறாவது, ஏழாவது வரிகளை வெறுமையாக வைத்திருக்கிறேன். வேறு பிள்ளைகளின் பெயரைப் போடலாம், போடவில்லை. அந்த இடங்கள் யாருடையவை என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, இல்லாவிட்டால் சனிக்கிழமை காலை, பாடசாலைக்கு வாருங்கள். உம்மாமார், அம்மாமார்தான் முக்கியமாக வர வேண்டும். பயிற்சியை வந்து பாருங்கள், உடையைப் பாருங்கள், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

பார்க்காமலே வேண்டாம் என்றால், தயவு செய்து தர்ஜினியின் படத்தையாவது குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் மகள்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அந்தக் கருத்துகளை எல்லாம் அவர்களும் வாசிக்கிறார்கள்.